ஓய்வுக்குப் பின் ஒரு விண்ணப்பம், துறைத் தலைவர் வழியாக

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் அரசு ஊழியர் தம் விண்ணப்பத்தைத் துறைத் தலைவர் வழியாகவே அனுப்ப வேண்டும். ஓய்வு பெற்றவருக்கு இவ்விதி பொருந்தாது.

எங்கள் அலுவலகக் கையேட்டில் இந்த விதியைச் சேர்த்தவள் நான். புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு ஆண்டுதோறும் அதை விளக்கியவளும் நான்தான். முன்பாதியைச் சொல்லும்போது குறிப்பெடுப்பார்கள். பின்பாதியைச் சொல்லும்போது சிரிப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு எந்தப் பைத்தியம் மேற்படிப்புக்குப் போகும் என்பது அந்தச் சிரிப்பின் பொருள். நானும் கூடச் சிரித்து, அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்வேன்.

ஜொகூர் பாருவில் உணவையும் மருந்துப் பொருட்களையும் கண்காணிக்கும் ஓர் அரசுப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். சம்பல் போத்தல், குழந்தைப் பால்மாவு, மூட்டுவலித் தைலம், ஒரே மாதத்தில் இடுப்பைக் காணாமல் போக்குவதாகச் சொல்லும் கோப்பித் தூள், எல்லாவற்றின் லேபிளும் என் மேசையைக் கடந்துதான் போகும். லேபிளில் இருக்கக் கூடாதது இருந்தால் 'கூடாது' என்று எழுதுவேன். வேறு வகையான கடிதங்களுக்கு மலாயில் 'தியாடா ஹலாங்கான்' என்று எழுதுவேன். ஆட்சேபணை இல்லை என்று அர்த்தம். பள்ளிக்கூட உணவுச் சந்தைக்கும், கோயில் அன்னதானப் பந்தலுக்கும், ஒருமுறை எங்கள் வாகன நிறுத்தத்தில் ஒட்டகத்தை நிறுத்திவைக்கக் கேட்ட ஒரு விளம்பரக் கம்பெனிக்கும் அதைத்தான் எழுதினோம். எங்கள் அலுவலகத்திலிருந்து அதிகமாக வெளியே போன வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு கொள்கையும் எனக்கு இருந்தது. ஒரு கடிதம் எழுதப்பட்ட நாள் எழுதியவருடைய சொந்த விஷயம். அது வந்து சேர்ந்த நாள் என்பது பெறப்பட்ட முத்திரை விழுந்த நாள். அதற்கு முன் அந்தக் கடிதம் உலகத்தில் இல்லை. இதை வைத்து நான் பலரை அழவைத்திருக்கிறேன் என்று சொல்வார்கள். அழுதவர் யாரும் எழுத்து மூலம் புகார் தரவில்லை.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் கணவரும் காலைச் சாப்பாட்டுக்கு மூவார் போனோம். எங்கள் வீடு இருக்கும் தெப்ராவிலிருந்து காலைப் பசிக்காக இரண்டு மணி நேரம் காரோட்டி மூவார் போவது அறிவுடைய செயல் அல்ல. ஆனால் ஓய்வு பெற்றவர்களுக்கு எரிபொருளை வீணாக்க ஏதாவது ஒரு காரணம் வேண்டும். ஆற்றோரக் கடையில் மசாலா மீனை இலையில் பொதிந்து சுட்ட ஓத்தாக்-ஓத்தாக்கைத் தின்று முடித்து, வீட்டுக்கு உறைந்த பொட்டலம் ஒன்றும் வாங்கினோம். என் கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு லேபிளைப் படிக்கத் தொடங்கினார். அது என் வேலை. முப்பது ஆண்டுகளாக அவர் அதில் தலையிட்டதில்லை.

"இந்த மீன்ல கெட்டுப் போகாம இருக்க ஏதோ சேர்த்திருக்கான். எவ்ளோ சேர்க்கலாம்?"

சொன்னேன். எண் எனக்கு மனப்பாடம்.

"ஏன் அவ்ளோ? அதுல ரெண்டு மடங்கு ஏன் கூடாது?"

"அட்டவணையில அப்படித்தான் இருக்கு."

"அட்டவணைக்கு யாரு சொன்னா?"

நான் கோப்பியைக் குடித்தேன். அவர் விடவில்லை. என் கணவர் லாயாங் லாயாங்கில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, ரயில்வேயில் சிக்னல் பிரிவிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா தோட்டத்து ரப்பர் மரத்தை விட்டுவிட்டு ரயில்வே கேட்டில் நின்றவர்.

"எங்க ரயில்வேல ஒவ்வொரு ரூலுக்குப் பின்னாலயும் ஒரு விபத்து இருக்கு. எந்த ஊரு, எந்த வண்டி, யாரு தூங்கினா, எல்லாம் சொல்லுவாங்க. உங்க ரூலுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"இன்னொரு ரூல்."

அவர் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் தமிழர்தான் போலிருக்கிறது, அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வரும் வழி முழுவதும் அந்தக் கேள்வி பின் சீட்டில் உறைந்த மீனோடு உட்கார்ந்து வந்தது. வெளிநாட்டில் உணவு வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். ஒரு பொருளைச் சோதிக்கத் தெரியும். எண்ணோடு ஒப்பிடத் தெரியும். அந்த எண் எங்கே பிறந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு அட்டவணையைக் காட்டினேன். மறுபடி கேட்டவர்களுக்கு அட்டவணையின் நகலைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேன். நான் ஆயுள் முழுக்கச் செய்த வேலைக்கு ஓர் அறிவியல் இருப்பதையும், அதற்கு ஒழுங்குமுறை அறிவியல் என்று பெயர் இருப்பதையும், அதை வகுப்பில் உட்கார்ந்து படிக்கலாம் என்பதையும் அன்று கண்டுபிடித்தேன். ஒரு மருந்தோ, மருத்துவச் சாதனமோ, உணவோ மக்கள் கைக்குப் போகும் முன் என்ன ஆதாரம் கேட்க வேண்டும், எவ்வளவு ஆதாரம் போதும், போன பிறகு எப்படிக் கண்காணிக்க வேண்டும், இந்த அளவுகளை எல்லாம் யார் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள், இதுதான் பாடம். கல்யாணமாகி முப்பது ஆண்டு கழித்து மாப்பிள்ளையின் ஜாதகத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பார்த்தால் நன்றாகவே இருக்கிறது.

பிறகு அதைப் படிக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று ஆராய்ந்தேன். கோலாலம்பூரில் ஆராய்ச்சி செய்து முதுகலைப் பட்டம் வாங்கலாம். ஆய்வு மேற்பார்வையாளரை நாமே தேடிக்கொள்ள வேண்டும். நான் தேடிப் பார்த்த மூவரில் ஒருவரை ஒரு காலத்தில் நான் லேபிள் விஷயத்தில் எச்சரித்திருந்தேன். ஐரோப்பாவிலிருந்து இணையத்தில் நடத்தும் படிப்பு ஒன்று மருந்துப் பதிவில் பிரமாதமாக இருந்தது. உணவு பற்றி அதில் ஒரே ஒரு பாடம், அதுவும் விருப்பப் பாடம். இன்னொன்று மருத்துவச் சாதனங்களுக்கு மட்டும். எனக்கு இதய வால்வோடு பகை எதுவும் இல்லை, ஆனால் என் கேள்வி ஓத்தாக்-ஓத்தாக் பற்றியது. இன்னொரு கல்லூரி பட்டத்தின் பெயரை மட்டும் மிக அழகாக அச்சிட்டிருந்தது. பாடத்திட்டம் கேட்டு எழுதினேன். கட்டண விவரம் அனுப்பினார்கள்.

கடைசியில் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகம். முதலில் ஒரு சான்றிதழ் படிப்பு. பிடித்திருந்தால் அதையே டிப்ளோமாவாக, பிறகு முதுகலையாக வளர்த்துக்கொள்ளலாம். உணவும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. வகுப்பு சனிக்கிழமைகளில். எல்லாவற்றுக்கும் மேலே, உணவில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கலாம் என்பதை எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்று ஒரு முழுப் பாடம். அந்தப் பாடம் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடக்கும். இந்த ஆண்டு நடக்கிறது. மார்ச் கடைசிக்குள் விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்தால் இந்த ஆண்டு. இல்லையென்றால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அறுபத்தொன்றில் இரண்டு ஆண்டு என்பதை நான் அவ்வளவு தாராளமாகச் செலவழிக்கத் தயாராக இல்லை.

கணவரிடம் சொன்னேன்.

"பரீட்சை உண்டா?"

"உண்டு."

"ஃபெயில் ஆனா?"

"மறுபடி எழுதலாம்."

"அப்ப போ. இத்தனை வருஷமா நீ மத்தவங்களை ஃபெயில் பண்ணின. உன்னையும் ஒருத்தன் பண்ணட்டும்."

விண்ணப்பப் படிவத்தைக் கணினியிலேயே நிரப்பினேன். அதோடு, ஏன் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு பக்கக் கடிதமும் கேட்டிருந்தார்கள். இங்கேதான் அது நடந்தது. நான் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் விரல்கள் என்னைக் கேட்பதில்லை. மேலே என் முகவரி, கீழே பல்கலைக்கழகத்தின் முகவரி, அதற்கும் கீழே, கொட்டை எழுத்தில், 'மெலாலுயி'. அதாவது வழியாக. அதன் கீழே என் பழைய பிரிவின் தலைவர். அந்த வரி இல்லாத கடிதம் என் கண்ணுக்குச் சட்டை போடாமல் கடைக்குப் போகும் ஆளைப் போலத் தெரியும். படிவத்தில் 'பணியிடத்தின் ஆதரவுக் கடிதம் தனியே வரும்' என்ற கட்டத்தில் டிக்கும் செய்து, படிவத்தைக் கணினி வழியே அனுப்பினேன். கடிதத்தின் கடைசி வரியாக, பதிலும் மேற்படி வழியாகவே அனுப்பப்பட வேண்டும் என்று சேர்த்தேன். மிக நேர்த்தியான கடிதம். உறையிலிட்டு, நானே காரோட்டிப் போய், என் பழைய அலுவலகத்தின் கடிதப் பெட்டியில் போட்டுவிட்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு ரொட்டி சானாய் தின்றுவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து, துவைத்த துணியை மடிக்கும்போது கணவர் கேட்டார். "சிங்கப்பூருக்கு விண்ணப்பம் போட்டியே, பதில் வந்துச்சா?"

"இன்னும் ஆப்பீஸ்லேருந்தே போயிருக்காது."

"எந்த ஆப்பீஸ்?"

"என் ஆப்பீஸ்."

அவர் மடித்துக்கொண்டிருந்த சாரத்தை மெதுவாகக் கீழே வைத்தார். "நீ இப்ப யாருக்கு வேலை செய்யற?"

கையேட்டு விதியின் பின்பாதி அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"உங்க சிலோன் ஆளுங்களுக்குக் கடுதாசி இல்லாம சோறு இறங்காது. இப்ப பாரு, மேலதிகாரி இல்லாம படிப்பும் இறங்கல."

சிலோனிலிருந்து அரசாங்கக் குமாஸ்தாவாக வந்த என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் அரசாங்கத்துக்குத் தெரியாமல் தும்மியதுகூட இல்லை. அவர் கீழே வைத்த சாரத்தை நானே எடுத்து மடித்து முடித்தேன்.

மறுநாள் காலை பழைய அலுவலகத்திலிருந்தே தொலைபேசி வந்தது. இப்போதைய பிரிவுத் தலைவர் முன்பு எனக்குத் துணையாக இருந்தவர். குளுவாங் ஊர்க்காரர். நான் எதைச் சொன்னாலும் அவர் 'ஏன் மேடம்?' என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் அவரோடு பதினைந்து ஆண்டு சண்டை போட்டிருக்கிறேன். குரலில் இருந்த மகிழ்ச்சியை அவர் மறைக்கவே முயலவில்லை.

"மேடம், உங்க கடிதம் வந்துச்சு. ஃபைல் தொறந்தாச்சு. நம்பர் சொல்லவா?"

"தப்பா அனுப்பிட்டேன். திருப்பிக் கொடுத்துடுங்க."

"முடியாதே மேடம். 'பெறப்பட்ட எந்தக் கடிதமும் முடிவு எடுக்காமல் திருப்பி அனுப்பப்படக் கூடாது.' உங்க சுற்றறிக்கைதான், சுவத்துல இன்னும் ஒட்டியிருக்கு. லேமினேட் பண்ணி வச்சிருக்கோம்."

"அப்ப அனுப்பி விடுங்க."

"அதுவும் முடியாது. எங்க ஊழியர்னாதான் எங்க வழியா போகலாம். நீங்க எங்க ஊழியர் இல்ல."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"இப்போதைக்கு ரசிச்சுக்கிட்டு இருக்கோம் மேடம்."

தொலைபேசியை வைத்துவிட்டு நேரே பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டேன். பாடப்பிரிவின் அலுவலகத்தில் ஒரு பெண். ஆங்கிலத்தில் தொடங்கியவள் என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு வந்தாள். வந்ததும் என்னை ஆன்ட்டி ஆக்கிவிட்டாள்.

"ஆன்ட்டி, உங்க ஃபார்ம் பாதிதான் இருக்கு. வேலையிடத்துக் கடிதம் வரும்னு டிக் பண்ணியிருக்கீங்க. அது வரலை."

"தவறுதலா டிக் பண்ணிட்டேன். எடுத்துடும்மா. நான் ஓய்வு பெற்றவ."

"அனுப்பின ஃபார்மைத் திறக்க முடியாது ஆன்ட்டி. ஒண்ணு, அந்த ஆப்பீஸோட கடிதம் வரணும். இல்லாட்டி நீங்க அவங்க ஆள் இல்லன்னு அவங்களே எழுதணும்."

"ஓய்வூதிய அட்டையைக் காட்டட்டுமா?"

"அது நீங்க ரிட்டையர் ஆனதைக் காட்டும். மறுபடி அங்கேயே கான்ட்ராக்ட்ல சேரலைன்னு அது காட்டாதே."

அவள் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். இவ்வளவு இனிமையாகச் சொல்லியிருக்க மாட்டேன். தோற்றுப் போனாலும் மனம் குளிர்ந்தது. சரியான இடத்துக்குத்தான் படிக்கப் போகிறேன் என்று தோன்றியது, போக முடிந்தால்.

ஆக, நான் அவர்களுடைய ஆள் இல்லை என்று என் பழைய அலுவலகம் எழுதித் தர வேண்டும். மார்ச் முடிய அதிக நாள் இல்லை. கறிபாப் பலகாரம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு நேரில் போனேன். கணவரும் வந்தார், கறிபாப்புக்காக என்று சொன்னார். வாசலில் காவலாளி என் சட்டையில் 'வருகையாளர்' என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார். இருபது வருடப் பழக்கம் உள்ள மனிதர். என்னைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டே ஒட்டினார். அந்த ஸ்டிக்கர் முறையைக் கொண்டுவந்தவளும் நான்தான்.

என் பழைய அறையில் மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெரிய மழை மரம் தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் அது என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறது. குளுவாங்காரர் எழுந்து நின்று வரவேற்றார். அறை வாசலில் அலுவலகமே நின்றது. கறிபாப்பை எடுக்கவும், நான் மாட்டிக்கொண்டதைப் பார்க்கவும்.

"நான் உங்க ஊழியர் இல்லன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. போதும்."

"மேடம், எங்க ஊழியர் இல்லாதவங்க இந்த நாட்டுல முப்பது மில்லியனுக்கு மேல இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் எழுதிக் கொடுக்க ஆரம்பிச்சா பேப்பர் பத்துமா?"

வாசலில் சிரிப்பு. என் கணவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

"ஊழியர்னு சான்று கொடுக்க ரூல் இருக்கு மேடம். ஊழியர் இல்லன்னு சான்று கொடுக்க ரூல் இல்ல. நானும் தேடிட்டேன். உண்மையாவே தேடினேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு போய்விட்டிருந்தது. உதவத்தான் நினைத்தார். தணிக்கைக்காரர்கள் வந்தால் விதி இல்லாத கடிதத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படிப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் பயம் காட்டியதும் நான்தான்.

நான் கையேட்டைக் கேட்டேன். கொடுத்தார். விதியைப் படித்தேன். இன்னொரு முறை படித்தேன். ஓத்தாக்-ஓத்தாக் கடையில் கேட்ட குரல் எனக்குள்ளிருந்தே கேட்டது.

"சரி, இந்த விதி ஏன் இருக்கு?" என்றேன்.

குளுவாங்காரர் கையிலிருந்த கறிபாப்பைத் தட்டில் வைத்தார். "என்ன கேட்டீங்க மேடம்?"

"துறைத் தலைவர் வழியா ஏன் அனுப்பணும்? இந்த விதிக்குப் பின்னால என்ன இருக்கு?"

"பதினைஞ்சு வருஷம்," என்றார் அவர் வாசலைப் பார்த்து. "பதினைஞ்சு வருஷத்துல முதல் தடவையா மேடம் 'ஏன்'னு கேட்கிறாங்க. எல்லாரும் சாட்சி."

"பதிலைச் சொல்லுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்படிப்பட்ட பேச்சுக்கு அவர் எத்தனை நாள் ஏங்கியிருந்தார் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. ஆள் வகுப்புக்குப் போனால் வேலை நேரம் குறையும், அதை முன்கூட்டியே தலைவர் அறிய வேண்டும் என்றார். ஒன்று, என்றேன். படிக்கும் இடத்தில் அலுவலக ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்றார். இரண்டு. மூன்றாவது எதுவும் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அப்படியானால் தலைவர் உண்மையில் சொல்ல வேண்டியது என்ன? இந்த ஆள் படிக்கப் போவதால் எங்களுக்கு இடைஞ்சல் இல்லை. அவ்வளவுதான்.

என் கணவர் வாசலிலிருந்து, வாயில் கறிபாப்போடு, "அதுக்குத்தான் உங்ககிட்ட ஒரு வரி இருக்கே. ஒட்டகத்துக்குக் கொடுத்தீங்களே," என்றார்.

நானும் குளுவாங்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தியாடா ஹலாங்கான். ஆட்சேபணை இல்லை என்று எழுதுவதற்கு எதிரில் இருப்பவர் ஊழியராக இருக்க வேண்டியதில்லை. மனிதராகக்கூட இருக்க வேண்டியதில்லை. எழுதும் அதிகாரம் பிரிவுத் தலைவருக்கு உண்டு, விதி எண்ணோடு.

கடிதத்தை அவரே தட்டச்சு செய்தார். நான் பின்னால் நின்று திருத்தினேன். வருகையாளர் திருத்தக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். மேற்குறிப்பிட்டவர் எந்தப் பாடத்தை எந்த நாளில் படித்தாலும் இவ்வலுவலகத்திற்கு ஆட்சேபணை இல்லை என்பது முதல் வரி. அவர் தற்போது இங்கே எந்த வகையிலும் வேலை செய்யாததால் வேலை எதுவும் பாதிக்கப்படாது என்பது இரண்டாவது வரி.

"முன்னாடி இருந்தப்பவும் பாதிக்கப்படலன்னு சேர்க்கவா மேடம்?"

"சேர்த்தா எழுத்துப் பிழை கண்டுபிடிப்பேன்."

அவர் கையெழுத்திட்டு, என் கடிதத்தோடு சேர்த்து, அன்றே அனுப்பினார். மாலையில் சிங்கப்பூர்ப் பெண் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, ஃபார்ம் முழுசாயிடுச்சு. நல்ல கடிதம். 'எந்த வகையிலும்'னு போட்டிருக்காங்களே, கான்ட்ராக்ட் சந்தேகமும் போயிடுச்சு." அந்த இரண்டு சொற்களை நான்தான் சேர்க்கச் சொன்னேன் என்று அவளிடம் சொல்லவில்லை. பெருமையை மௌனமாக அனுபவிக்கவும் ஒரு பயிற்சி வேண்டும்.

இடம் கிடைக்குமா என்பது வேறு விஷயம். அது தேர்வுக் குழுவின் முடிவு, ஏப்ரல், மே ஆகும் என்றாள். காத்திருக்கும் நாட்களில் ஒரு சனிக்கிழமை கணவர் என்னைக் காலையிலேயே எழுப்பினார். வழியைச் சோதிக்க வேண்டுமாம். ரயில்வேயில் புதுப் பாதையில் முதலில் பயணிகள் இல்லாமல் ஒரு வண்டியை ஓட்டிப் பார்ப்பார்களாம். நான்தான் அந்த வண்டி.

பாலத்தைப் பற்றி ஜொகூர்க்காரர்களுக்கு ஒரே அபிப்பிராயம்தான் உண்டு, அதை இங்கே எழுத முடியாது. ஆனால் சனிக்கிழமை காலையில் சிங்கப்பூர் முழுவதும் சாமான் வாங்கவும் சாப்பிடவும் நம் பக்கம் வருகிறது. எதிர்ப்பக்கம் வரிசை வரிசையாகக் கார்கள் வெயிலில் நின்றன. எங்கள் பேருந்து கடலுக்கு மேலே காற்றைப் போலப் போயிற்று. கணவர் ஜன்னல் வழியாக நின்றுபோன கார்களைப் பார்த்துக் கையசைத்தார். ஒரு குழந்தை திருப்பி அசைத்தது. வாழ்நாள் முழுவதும் எல்லாரும் போகும் பக்கமே போய் வரிசையில் நின்றிருக்கிறோம். எதிர்ப்பக்கம் இவ்வளவு காலியாக இருக்கும் என்று யாரும் சுற்றறிக்கை விடவில்லை.

பல்கலைக்கழகத்தில் வகுப்பறையைக் கண்டுபிடித்தோம். பூட்டியிருந்தது. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீள மேசைகள், வெள்ளைப் பலகை. பலகையில் யாரோ ஒரு வளைகோட்டை வரைந்து அழிக்காமல் போயிருந்தார்கள். கீழே அளவு, பக்கவாட்டில் பாதிப்பு. கோடு தரையோடு ஓடி, ஓர் இடத்தில் மேலே எழத் தொடங்கியது. எழும் இடத்துக்கு நன்றாக முன்னால் ஒரு புள்ளி வைத்து வட்டமிட்டிருந்தார்கள். நான் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்த்தேன். என் அட்டவணையின் எண்கள் எல்லாம் இப்படி ஒரு புள்ளியிலிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும்.

"என்ன தெரியுது?" என்றார் கணவர்.

"விபத்து நடக்கிற இடமும், அதுக்கு எவ்ளோ முன்னாடி சிக்னல் வைக்கணும்ங்கறதும்."

"அப்ப எங்க பாடம்தான்," என்றார் அவர். "நானே சொல்லிக் கொடுத்திருப்பேனே, கட்டணமில்லாம."

கேன்டீனில் நாசி லெமாக் தின்றோம். அது நம் பக்கத்து நாசி லெமாக்குக்கு உறை போடக் காணாது என்று இருவரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னோம். மகிழ்ச்சியாக இருந்தது.

மே பிறந்தது. தினமும் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தேன். காலணிக் கடை எழுதியது, வங்கி எழுதியது, பட்டத்தின் பெயரை அழகாக அச்சிட்ட அந்தக் கல்லூரி கட்டணத்தைக் குறைத்து எழுதியது. சிங்கப்பூர் எழுதவில்லை. ஒருநாள் பொறுக்காமல் கூப்பிட்டேன்.

"பதில் அனுப்பியாச்சே ஆன்ட்டி."

"எனக்கு வரலையே."

"உங்க கடிதத்துல கடைசி வரி பாருங்க."

பார்க்கத் தேவையில்லை. பதிலும் மேற்படி வழியாகவே அனுப்பப்பட வேண்டும். கேட்டபடி செய்திருந்தார்கள். அவளிடம் முடிவைக் கேட்டேன். நான் எழுதிக் கேட்ட வழியாகத்தான் சொல்ல முடியும் என்றாள். இந்தப் பெண் பெரிய இடத்துக்கு வருவாள்.

குளுவாங்காரரைக் கூப்பிட்டேன். அலுவலகப் பொது மின்னஞ்சலில் ஏதோ வந்திருக்கிறது என்றார்.

"என்னன்னு போட்டிருக்கு?"

"இன்னும் பதிவாகல மேடம். முத்திரை விழாத கடிதம் உலகத்துலயே இல்ல. நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

"படிச்சுச் சொல்லுங்க, போதும்."

"இல்லாத கடிதத்தை எப்படி மேடம் படிக்கறது?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று மாலை தெப்ராவில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. அவர்தான், அலுவலகச் சட்டையோடு. கையில் பழுப்பு நிறக் கோப்பு. என் கணவர் கேட்டைத் திறந்து, "வாங்க தம்பி, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒருத்தி காத்திருக்கா," என்றார். அவர் உட்காரவில்லை. கோப்பை இரண்டு கையாலும் நீட்டினார். பெறுகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

ஒரு பக்கம்தான். ஆகஸ்டில் தொடங்கும் சான்றிதழ் படிப்பில் எனக்கு இடம் தருகிறார்கள். நான் கேட்ட பாடமும் உண்டு, சனிக்கிழமை காலை. கணவர் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டு, தேநீர் போட உள்ளே போனார். சமையலறையில் விசிலடிக்கும் சத்தம் கேட்டது. அவர் விசிலடித்து நான் கேட்டு வெகு நாளாயிற்று.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றார் குளுவாங்காரர், குரலைத் தாழ்த்தி. "அடுத்த தடவை நானும் போடலாம்னு இருக்கேன். துறைத் தலைவர் வழியா போடணும். துறைத் தலைவர் நான்தான். எனக்கு நானே ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்கலாமா?"

"அந்த விதி ஏன் இருக்குன்னு முதல்ல யோசிங்க," என்றேன்.

அவர் யோசித்துக்கொண்டே தேநீரைக் குடித்தார். நான் தாளை மறுபடி பார்த்தேன். பல்கலைக்கழகம் அதை எழுதிய நாள் மேலே ஒரு மூலையில் இருந்தது. அது அவர்களுடைய சொந்த விஷயம். அது எனக்கு வந்து சேர்ந்த நாள் நடுவில் இருந்தது, நீல மையில், கொஞ்சம் சாய்ந்து, என் பழைய அலுவலகத்தின் முத்திரையில்: மே மாதம் பன்னிரண்டாம் தேதி.